‘எப்படியும் பிழைத்திருக்க மாட்டார்’

“புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. எந்தச் சிகிச்சை கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார்.” மருத்துவமனை தாக்கல் செய்த பதிலுரையின் சாரமே இதுதான்.

அந்த அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், பிறகு உளறல். மருத்துவமனையில் சேர்த்த சில நாளில் கண் திறக்காமல் கிடந்தார். மூளைக்கும் பரவியிருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை.

மகள் கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தார். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. வழக்கே அந்த நகலில்தான் இருந்தது.

முதல் நாள் பரிசோதனையில் கால்சியம் 11.6, அல்புமின் 2. இயல்பின் உச்சம் ஏறத்தாழ 10.5 என்பதால் ‘சற்று அதிகம்’ என்று குறித்ததோடு சரி. ரத்தக் கால்சியத்தில் கணிசமான பங்கு அல்புமினோடு ஒட்டியிருக்கும். அல்புமின் குறைந்தால் பரிசோதனை உண்மை நிலையைக் குறைத்துக் காட்டும். அல்புமின் 4க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்ட வேண்டும். கூட்டினால் 13.2. தாகத்துக்கும் உளறலுக்கும் காரணம் அதுவாகவே இருந்திருக்கலாம்.

இது சிகிச்சைக்குப் பெரும்பாலும் கட்டுப்படக்கூடியது. சலைன் ஏற்ற வேண்டும். கால்சிட்டோனின் ஊசி சில மணி நேரத்தில் அளவை இறக்கத் தொடங்கும். இரண்டு நாளில் அதன் வலு குறையும்போது 4 மில்லிகிராம் ஜோலட்ரானிக் அமிலம் வேலையைத் தொடங்கியிருக்கும். கேஸ் ஷீட்டில் இவை எதுவும் இல்லை. எலும்புக்கென்று எழுதிய கால்சியம் மாத்திரையோ கடைசி நாள் வரை தொடர்ந்திருந்தது! அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை.

நுகர்வோர் மன்றத்தில் குறுக்கு விசாரணை அபூர்வம். எழுத்து மூலம் கேள்விகள் அனுப்பினோம். அல்புமினைச் சேர்த்துக் கணக்கிட்டீர்களா என்பதற்கு ‘நினைவில்லை’ என்று பதில் வந்தது. எதிர்த்தரப்பு 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பை நீட்டியது: கணிப்பு தவறுவது மட்டுமே அலட்சியமாகாது. மருத்துவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு அவசியம் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் இங்கே கணிப்பு தவறவில்லை, கணிக்கவே இல்லை.

“அம்மா போயிடுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும் சார். பேசிட்டுப் போயிருப்பாங்கல்ல?” என்றார் மகள். என் வாதமும் அதுதான். ஆயுளுக்கு விலை கேட்கவில்லை. தெளிவோடு இருந்திருக்கக்கூடிய நாட்களுக்குக் கேட்டோம்.

மரணத்துக்கு மருத்துவமனை பொறுப்பல்ல, சிகிச்சை அளிக்காதது சேவைக் குறைபாடு என்றது உத்தரவு. இழப்பீடு நாங்கள் கேட்டதில் பாதிகூட இல்லை. இரு தரப்பும் மேல்முறையீடு செய்யவில்லை.