கட்டியவன் ஏறாத கப்பல்

சென்ற நோன்பில், தராவீஹ் முடிந்து திரும்பிய ஓரிரவு, என் தங்கை மகன் வந்து எதிரே அமர்ந்தான். "மாமா, சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கு வெல்டர் எடுக்கிறார்கள். தேர்வில் தேறிவிட்டேன். ஏஜண்டுக்குக் கொடுக்க உம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டும். நீங்கள் சரியென்றால் உம்மா தருவார்கள்" என்றான். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

எங்கள் பரங்கிப்பேட்டை கப்பலால் வாழ்ந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் பாய்மரக் கப்பல்கள் கட்டப்பட்டன. பழுது பார்க்கவும் பட்டன. ஏராக்கட்டை கிடத்தி, வங்குகளை நிறுத்தி, பலகை பொருத்தி, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்று முடிப்பதற்குள் ஓடாவி மட்டுமா பிழைத்தான்? கொல்லனும், கயிறு திரிப்பவனும், பாய் தைப்பவனும், மரம் ஏற்றும் வண்டிக்காரனும் அந்த ஒரு கலத்தை நம்பி உலை வைத்தனர். பினாங்கில் 1801-ஆம் ஆண்டில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய காதர் முகைதீன் மரைக்காயர் இவ்வூரிலிருந்து சென்றவரே.

விந்தை ஒன்றுண்டு. 1830-ஆம் ஆண்டில் ஜோசையா ஹீத் என்னும் ஆங்கிலேயர் இங்கே இரும்பாலை தொடங்கினார். இரும்பு இங்கே உருகியது. இரும்புக் கப்பலோ இங்கே உருவாகவில்லை. நீராவிக் கப்பல்களுக்கு ஆழமான துறைமுகம் வேண்டியிருந்தது. எங்கள் முகத்துவாரத்தில் உளியோசை அடங்கியது. கலம் கட்டிய ஊர், சபுராளிகளின் ஊராயிற்று.

நானும் ஒரு சபுராளியே. 1976-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் செம்பவாங் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆங்கிலக் கடற்படைக்காக 1938-ஆம் ஆண்டில் பெரும் உலர்துறை திறக்கப்பட்ட இடம் அது. 1968-ஆம் ஆண்டில் அத்தளம் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து வணிகக் கப்பல் பட்டறையாயிற்று. மலாய்க்காரரும் மலையாளியும் தமிழரும் சீனரும் அங்கே ஒரே சங்கொலிக்கு எழுந்தோம். பட்டறையில் வேலை மிகுந்தால் தேநீர்க்கடையில் கூட்டம் மிகும். வேலை குறைந்தால் மளிகைக்கடையில் கடன் கணக்கு நீளும்.

1978 அக்டோபர் 12-ஆம் நாளை மறக்க முடியவில்லை. தீவின் மேற்கே ஜூரோங்கில், பழுது பார்க்க நின்றிருந்த 'ஸ்பைரோஸ்' என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. எரிபொருள் தொட்டியில் தேங்கிய ஆவியில், இரும்பு வெட்டும் தீப்பொறி பற்றிக்கொண்டது. 76 பேர் மாண்டனர். அன்றிரவு எங்கள் விடுதியில் ஒருவரும் உண்ணவில்லை. மறுநாள் சங்கு ஊதியது, எழுந்து போனோம்.

பின்னர் கடலில் எண்ணெய் துளைக்கும் இரும்பு மேடைகளைக் கட்டும் பிரிவில் சேர்ந்தேன். மாதக்கணக்கில் பாடுபட்டு முடித்த மேடையை ஒரு காலையில் இழுவைப் படகுகள் கொண்டு போய்விடும். அது எக்கடலில் நின்றதென்று எங்களுக்குத் தெரியாது. நூஹ் நபி (அலை) அவர்கள், கண்டோர் நகைக்க நகைக்கத் தம் கையால் கப்பல் கட்டினார்கள். கட்டிய கப்பலில் தம்மை நம்பியவரோடு தாமும் ஏறினார்கள். நாங்களோ கட்டினோம், ஏறவில்லை.

நன்றி மறக்கலாகாது. எங்கள் தெருவின் மாடி வீடுகளும், பிள்ளைகளின் படிப்பும் அந்த இரும்பிலிருந்து வந்தவையே. ஆனால் என் வாப்பாவின் ஜனாஸா புறப்பட்டபோது நான் ஒரு கப்பலின் வயிற்றுக்குள் இருந்தேன். 2014-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை சரிந்து மேடைகளுக்கான தேவை வற்றியபோது, ஏஜண்டின் கடனை அடைக்காமலே திரும்பிய இளைஞர்களையும் கண்டேன். அவர்கள் கண்ட கனவும் என் மருமகன் கண்டதுதான்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் அவனை அழைத்தேன். "நகை உம்மாவிடமே இருக்கட்டும். அடகு என்றால் வட்டி. வட்டியில் தொடங்கும் சபுரில் பரக்கத் ஏது? முறையான செலவு எவ்வளவோ அதை அழகிய கடனாக நான் தருகிறேன், முடிந்தபோது கொடு. ஏஜண்டு அதற்கு மேல் கேட்டால் அந்த வேலையே வேண்டாம். அங்கே போனால், ஆவிச் சோதனைச் சீட்டைக் கண்ணால் காணாமல் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்காதே. மேஸ்திரி ஏசினாலும் சரி" என்றேன்.

அவன் தலையசைத்தான். அடுப்படி வாசலில் நின்ற என் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுடைய பயணம் துல்ஹஜ் பிறை கண்ட பின். வல்ல நாயன் அவனை நலமாய்த் திரும்பச் செய்வானாக!