கை நடுங்கினாலும் கடிதம் நம் கையில்

எழுபதைத் தாண்டிய பிறகு எனக்கு வலது கை லேசாக நடுங்குகிறது. மௌஸ் அம்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆனாலும் பென்ஷன் கடிதங்களைப் பேரன் வந்து திறக்கட்டும் என்று காத்திருக்க மனம் வரவில்லை.

ஜிமெயில் செட்டிங்ஸில் ‘கீபோர்டு ஷார்ட்கட்ஸ்’ என்பதை ஆன் செய்து, கீழே சேமித்துவிடுங்கள். பிறகு ஜே தட்டினால் பட்டியலில் கீழே இறங்கலாம். கே தட்டினால் மேலே ஏறலாம். திறக்க என்டர், பதில் எழுத ஆர். இ தட்டினால் கடிதம் ஆர்க்கைவுக்கு, அதாவது நம் ரெக்கார்டு ரூமுக்குப் போகும், அழியாது.

புதுச்சேரியில் என்னைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நமக்கு ‘ஜே’ என்றால் ஆங்கிலக்காரர்களின் ‘ஜி’. அதனால் பெயரை விடுங்கள். வலது ஆள்காட்டி விரலில் சிறு மேடு தட்டுப்படும் விசைதான் ஜே. அதற்கு வலப்பக்கம் கே.

இப்போது என் கடிதத்தை நானே முதலில் படிக்கிறேன்.