கதைக்கு உருவம் தந்தவர்

நுழையும்முன்

இளமையில் படித்த கதைகளின் சொற்கள் காலப்போக்கில் மங்கிவிடுகின்றன. அவற்றோடு கண்ட படங்களோ மனத்தைவிட்டு நீங்குவதில்லை. ஆயினும், அப்படங்களைத் தீட்டிய கைகளை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. நூல்களுக்குள் தம் வாழ்நாளை ஒப்படைத்த ஓவியர் ஒருவரை அறிமுகப்படுத்துகிறது இக்கட்டுரை.

தோளில் சடலம், கையில் வாள்

இருண்ட காடு. உருவிய வாளைக் கையில் ஏந்தி அரசன் ஒருவன் நடந்து வருகிறான். அவன் தோளில் ஒரு சடலம் தொங்குகிறது. அச்சடலத்துள் புகுந்திருக்கும் வேதாளம் அவனுக்குக் கதை சொல்லிப் புதிர் போடுகிறது. விடை தெரிந்தும் அவன் வாய் திறவாதிருந்தால் தலை வெடித்துச் சிதறும்; வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். விக்கிரமாதித்தன் கதை என்றதும் பல தலைமுறையினரின் மனக்கண்ணில் தோன்றுவது இக்காட்சிதான். இதனை அவர்கள் கண்டது 'அம்புலிமாமா' இதழில்; வரைந்தவர் கே. சி. சிவசங்கரன். வாசகர்கள் அவரை 'அம்புலிமாமா சங்கர்' என்று அழைத்தனர்.

கலைக்கல்வி

சங்கர் 1924ஆம் ஆண்டு, தாராபுரத்தை அடுத்த காரத்தொழுவு என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. அவரது கைத்திறனை இனங்கண்டு, ஓவியமே அவருக்குரிய வழி என ஆற்றுப்படுத்தியவர் பள்ளி ஓவிய ஆசிரியர். அக்காலத்தில் பட்டப்படிப்பும் அதன்வழி அலுவலகப் பணியுமே குடும்பத்தைக் காக்கும் எனக் கருதப்பட்டன. அச்சூழலில் ஓவியத்தைத் தேர்ந்தது துணிவான முடிவே.

சென்னை அரசு ஓவியப் பள்ளியில் அப்போது முதல்வராக இருந்தவர் புகழ்பெற்ற சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் இன்றும் நாம் காணும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. உடலின் அசைவையும் தசையின் முறுக்கையும் கூர்ந்து நோக்கும் பயிற்சி அப்பள்ளியில் மாணவர்களுக்குக் கிடைத்தது. பாறையை நெம்பும் அத்தொழிலாளர்களின் உடலில் தெரியும் விசை, சடலத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமனின் உடலிலும் தெரிவதை உற்றுநோக்குவோர் உணரலாம்.

படிப்பை முடித்த சங்கர் 1946இல் 'கலைமகள்' இதழில் ஓவியராகச் சேர்ந்தார்.

அம்புலிமாமாவில்

நாகிரெட்டியும் சக்கரபாணியும் இணைந்து 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 'அம்புலிமாமா'வைத் தொடங்கினர். தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ், பின்னர் இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவந்தது. ஓவியர் சித்ரா முன்னரே அங்குப் பணியாற்றி வந்தார். சங்கர் 1952இல் இணைந்தார். பக்கந்தோறும் படம் என்பது அவ்விதழின் தனித்தன்மை. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தையும் படங்களைப் பற்றிக்கொண்டு கதைக்குள் நடக்க முடிந்தது.

கதைப்படம் வரைவது எளிய பணியன்று. ஓவியர் முதலில் கதையை முழுமையாக உள்வாங்க வேண்டும். பின்னர் எத்தருணத்தை வரைவது என முடிவுசெய்ய வேண்டும். முடிவைப் படம் முந்திச் சொல்லிவிட்டால் கதையின் சுவை கெடும். எதையுமே சொல்லாவிட்டால் படம் வெற்று அலங்காரமாகிவிடும். முதற்பக்கத்தில் வந்த வணிகன் ஐந்தாம் பக்கத்திலும் அதே மூக்கும் தலைப்பாகையும் உடையவனாக இருத்தல் வேண்டும். அரண்மனைத் தூண், தேர்ச்சக்கரம், பெண்டிரின் அணிகலன் ஆகிய ஒவ்வொன்றும் கதை நிகழும் காலத்திற்குப் பொருந்த வேண்டும். இவை யாவும் இதழ் அச்சேறும் நாளுக்குள் முடிந்தாக வேண்டும்.

இவற்றினும் பெரிய சவால் ஒன்றும் இருந்தது. மொழிதோறும் எழுத்து மாறியது, படம் மாறவில்லை. தமிழ்க் குழந்தை கண்ட அதே படத்தையே தெலுங்குக் குழந்தையும் வங்கக் குழந்தையும் கண்டன. ஆகவே, சினம், அச்சம், நாணம், சூழ்ச்சி ஆகியவற்றை எம்மொழிக் குழந்தையும் முகத்தைக் கண்டே அறிந்துகொள்ளும்படி வரைய வேண்டியிருந்தது. கதைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். சங்கரின் கோடுகளுக்கு அவர் தேவைப்படவில்லை.

எது பெரிய கலை?

கண்காட்சிக் கூடத்தில் தொங்கும் ஓவியமே உயர்ந்தது. இதழுக்கு வரைவது அதனினும் தாழ்ந்தது என்னும் எண்ணம் கலையுலகில் நெடுங்காலமாக உண்டு. அக்கூற்றில் சிறிது உண்மையும் இல்லாமல் இல்லை. தன் எண்ணத்தைத் தான் விரும்பியவாறு வரையும் உரிமை கதைப்பட ஓவியருக்குக் குறைவு. பிறர் எழுதிய கதைக்கு, பிறர் வகுத்த இடத்துள், பிறர் குறித்த நாளுக்குள் அவர் வரைகிறார். அடுத்த மாத இதழ் வந்ததும் இம்மாதப் படம் பழையதாகிறது.

ஆனால், கண்காட்சிக் கூடத்தின் வாயிலை மிதிக்க வாய்ப்பில்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு முதல் ஓவியக்கூடமாக அமைந்தவை இத்தகைய இதழ்களே. நூலகத்தில் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியும், பழைய தாள்களோடு கடைக்குச் சென்று மீண்டும் வேறொரு வீட்டை அடைந்தும் அப்படங்கள் பயணம் செய்தன. பலர் முதன்முதலில் ஓவியம் என்று உணர்ந்து பார்த்ததே அவற்றைத்தான். ஆசிரியரின் சிற்பம் கடற்கரையில் நின்று மக்களை வரவேற்றது. மாணவரின் ஓவியமோ மக்களின் வீடு தேடிச் சென்றது.

காலம் கடந்த பெருமை

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அம்புலிமாமாவுக்காக வரைந்தார் சங்கர். எண்பது வயதைக் கடந்த பின்னரும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அவர் மறைந்தார். 2021 சனவரியில் பத்மஸ்ரீ விருதாளர்களின் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. நான்கு மாதங்கள் முந்தியிருந்தால் அச்செய்தியை அவரே கேட்டு மகிழ்ந்திருப்பார்.

விருது தாமதமாக வந்தது நமக்கு ஒரு பாடம். நாம் படிக்கும் நூல்களில் படம் வரைந்தவரின் பெயர் எங்கேனும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதனைத் தேடிப் படிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். கலைஞர் வாழும் காலத்திலேயே அவரை அறிந்து போற்றுவதன் தொடக்கம் அதுவே.