உரித்து வைத்தாற்போல...

குளத்து நீரில், பாசியிலும் கொடியிலும் ஒட்டிக்கொண்டு ஒரு பிராணி வாழ்கிறது. ஓர் அங்குலம்கூட இராது. நூலின் நுனியைப் பிரித்து விட்டாற்போல் இருக்கும். ஹைட்ரா என்று பெயர். கல்லூரியில் படித்தபோது பூதக்கண்ணாடி வழியே பார்த்த நாள் முதல் எனக்கு அதனிடம் ஒரு தனிப் பிரியம்.

1740-ல் ஹாலந்து தேசத்து ஹேக் நகரில், ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார் ஆபிரகாம் டிரெம்ப்ளே. இது செடியா, பிராணியா என்று அவருக்குச் சந்தேகம். இரண்டாக வெட்டிப் பார்த்தார். சில நாட்களில் இரண்டு துண்டுகளும் இரண்டு முழு ஹைட்ராக்கள் ஆகிவிட்டன!

அதன் குடும்ப வாழ்க்கை இன்னும் விசித்திரம். இரை தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் அதற்குத் துணையே வேண்டாம். உடம்பின் பக்கத்தில் ஒரு மொட்டு கிளம்பும். வாயும் கைகளும் முளைக்கும். சில நாளில் தாயை விட்டுக் கழன்று தனிக்குடித்தனம் போய்விடும். பிரசவமும் இல்லை, பத்தியமும் இல்லை! குழந்தை அச்சு அசல் தாயேதான்.

எத்தனை சௌகரியம்! ஆனால் குளிர் வந்தாலோ, இரை குறைந்தாலோ, பல ஹைட்ராக்கள் இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்கின்றன. ஒன்றின் உடலில் முட்டை உண்டாகிறது. இன்னொன்று ஆண் அணுக்களை நீரில் விடுகிறது. இரண்டும் கலந்து உண்டான கரு, கெட்டியான கவசம் போர்த்துக்கொண்டு கெட்ட காலம் கழியும்வரை காத்துக் கிடக்கிறது. அதிலிருந்து வெளிவருவது தாயின் நகலுமல்ல, தகப்பனின் நகலுமல்ல. இருவரிடமும் பாதிப் பாதி வாங்கிக்கொண்ட புது ஆள்.

ஏன் இந்தச் சிரமம்? நாளைய குளமும் இன்றைய குளம் போலவே இருக்குமானால் நகலே போதும். மாறிவிட்டால்? எல்லோரும் ஒரே அச்சாக இருந்தால், ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்த்துவிடும். விதவிதமாக இருந்தால் ஏதாவது ஒன்று பிழைக்கும். விஞ்ஞானிகள் பலர் சொல்லும் காரணம் இது.

"உரித்து வைத்தாற்போல் அம்மாவே!" என்று குழந்தைகளைக் கொஞ்சுவது நம் வழக்கம். என் பெண்ணை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் வாயாடி, அவள் மௌனம். நான் நடுங்கும் இடத்தில் அவள் சிரிக்கிறாள். பாட்டு வாத்தியாரை ஏற்பாடு செய்தால் சைக்கிள் வேண்டும் என்கிறாள். "யாரைக் கொண்டு பிறந்ததோ!" என்று என் மாமியாருக்கு ஓயாத குறை.

"யாரைக் கொண்டோ இருக்கட்டும், அம்மா. அவள் நீந்தப் போகும் குளம் நம்முடையது இல்லையே!" என்பேன் நான்.