செயின்ட் ஹெலன்ஸ் மலையடியில் ஒரு சின்னக் காசுக் கணக்கு

சியாட்டிலிலிருந்து ஐ-5 சாலையில் தெற்கே இரண்டு மணி நேரம் போனால் கேஸில் ராக் என்ற ஊர் வரும். அங்கிருந்து கிழக்கே திரும்பி, 504ஆம் சாலையில் 45 மைல் ஏறினால் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை கண் முன்னால் நிற்கும். 2023 மே மாதம் நிலச்சரிவில் ஒரு பாலம் போய்விட்டதால், அதற்கு மேலே ஜான்ஸ்டன் மேட்டு மையத்துக்குப் போகும் வழி அடைபட்டது. பரவாயில்லை. சாலை முடிவதற்கு முன்பே ஹம்மாக்ஸ் டிரெயில் இருக்கிறது. சுமார் 4 கிலோமீட்டர் சுற்று, பிள்ளைகள் தாராளமாக நடக்கலாம். போன கோடையில் நாங்கள் போனது அங்கேதான்.

வழியெல்லாம் சின்னச் சின்னக் குன்றுகள், நடுவே குட்டைகள். பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் அந்தக் குன்றுகள் ஒரு காலத்தில் எதிரே தெரிகிற மலையின் உடம்பு. 1980 மே 18 காலை 8:32க்கு நிலம் அதிர்ந்தது. மலையின் வடக்குப் பக்கம் அப்படியே சரிந்து, பள்ளத்தாக்கில் ஓடி, இங்கே வந்து நின்றது. பதிவான வரலாற்றில் மிகப் பெரிய நிலச்சரிவு அது. உள்ளே அடைபட்டிருந்த எரிமலை பக்கவாட்டில் வெடித்தது. மலை 400 மீட்டர் குட்டையானது. 57 பேர் இறந்தார்கள்.

அவர்களில் ஒருவர் டேவிட் ஜான்ஸ்டன், வயது 30. யூஎஸ்ஜிஎஸ் என்கிற அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி. மலையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் காவல் இருந்தார். ரேடியோவில் வான்கூவர் அலுவலகத்தை (கனடா வான்கூவர் இல்லை, வாஷிங்டன் மாநிலத்திலேயே ஒரு வான்கூவர் உண்டு) கூப்பிட்டதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. உடல் கிடைக்கவே இல்லை.

அதற்கு முன் இரண்டு வாரம் அந்த மேட்டில் இருந்தவர் ஹாரி கிளிக்கன் என்ற 22 வயது மாணவர். மேற்படிப்பு விஷயமாகக் கலிஃபோர்னியாவில் ஒரு சந்திப்பு இருந்ததால் முதல் நாள் கிளம்பினார். அவர் இடத்துக்கு ஜான்ஸ்டன் வந்தார். கிளிக்கன் திரும்பி வந்து, இதே குன்றுகளை வருடக்கணக்கில் நடந்து அளந்து வரைபடம் போட்டார். ஒரு மலை எப்படிச் சரிகிறது, சரிந்த மண் எப்படி இருக்கும் என்று அவர் எழுதிய ஆய்வு, உலகத்தில் மற்ற எரிமலைகளின் பழைய சரிவுகளை அடையாளம் காண உதவியது. 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் அவரும் இறந்தார்.

இதையெல்லாம் கேட்ட என் பதினொரு வயது மகள் ஒரே கேள்வி கேட்டாள். "அம்மா, மலையில நடந்து மண்ணைப் பார்க்க யார் காசு குடுப்பாங்க?"

நல்ல கேள்வி. என் வேலைக்கு ஒரு லாப்டாப் போதும். எரிமலையை டவுன்லோட் பண்ண முடியாது, நேரில்தான் போகணும். வாடகை வண்டி, கேஸ், கூடாரம், சாப்பாடு, எடுத்து வந்த கல்லை லேபில் சோதிக்கிற செலவு. படிப்புக்கு உதவித்தொகை கிடைத்த பிள்ளைக்குக்கூட இதெல்லாம் அதில் அடங்காமல் போகலாம். அப்பா அம்மா கையில் காசு இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் வேறு தலைப்பு எடுக்க வேண்டியதுதான்.

அந்த இடைவெளியைத்தான் சில சின்ன நிதிகள் அடைக்கின்றன. ஜான்ஸ்டன் படித்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், மாணவர் ஆய்வுக்காக அவருடைய நண்பர்கள் அவர் பெயரில் ஒரு நிதி வைத்தார்கள். கிளிக்கன் படித்த சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தில், எரிமலையைப் புரிந்துகொள்ள உழைக்கும் மாணவர்களுக்கு அவர் பெயரில் ஓர் உதவித்தொகை உண்டு. ஜாக் க்ளைன்மன் என்ற எரிமலை விஞ்ஞானி 1994இல் கயாக் விபத்தில் இறந்தபோது, அவர் நினைவாகவும் ஒரு நிதி உருவானது. இது தவிர அமெரிக்க நிலவியல் சங்கம் பட்ட மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வுக்கு வருடா வருடம் பணம் தருகிறது. இளநிலை மாணவர்களுக்கு, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயூ திட்டத்தில் கோடை ஆய்வுக்குச் சம்பளமே உண்டு.

பெரிய தொகை என்று நினைக்காதீர்கள். பல நிதிகள் ஒரு கோடைக்கால வேலைக்குத்தான் வரும். ஆனால் அந்த ஒரு கோடைதான் ஒரு பிள்ளையை விஞ்ஞானி ஆக்குகிறது.

வீட்டுக்காரர் வழக்கம்போல, "அதுல வேலை கிடைக்குமா?" என்றார். நியாயமான கவலைதான். கிளிக்கனுக்கே அவர் ஆசைப்பட்ட யூஎஸ்ஜிஎஸ் வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. அதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். ஆனால் காசில்லை என்பதற்காக மட்டும் கதவைச் சாத்தவும் வேண்டாம். நம் அப்பா அம்மாவுக்கு ஸ்காலர்ஷிப் என்றால் ஃபீஸ் கட்டும் காசு. நாம் கல்லூரி பார்க்கப் போகும்போது இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "கள ஆய்வுக்கு மாணவர்களுக்கு என்ன நிதி இருக்கு? போன வருஷம் எத்தனை பேருக்குக் கிடைச்சுது?" பதில் சட்டென்று வருகிற துறை, பிள்ளைகளை வெளியே அனுப்பிப் பழகிய துறை.

கிளம்புமுன் கேஸில் ராக்கிலேயே கேஸ் போட்டுக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், புளிசாதம் எடுத்துப் போங்கள். அங்கே நிழல் குறைவு, கேள்விகள் நிறைய வரும்.