தலைகீழாய் வந்த குரல்

முத்துக்குளித்துறையில் வளரும் எங்களுக்கு வயர்லெஸ் வெறும் வேடிக்கைக் கருவியன்று. நடுக்கடலிலிருக்கும் தந்தையின் குரல் அதில் கேட்டால்தான் வீட்டில் நிம்மதி. குரல் வந்தும் விளங்காமற் போனால்?

அப்படியும் நேருமென்று 'ஹாம்சாட்' செயற்கைக்கோளைப் பற்றிப் படித்தபோது அறிந்தோம். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2014 வரை உழைத்த கோள் அது. அமெச்சூர் வானொலியாளர் 435 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிய குரலை 145 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றித் திருப்பி அனுப்பியது. மாற்றும் வழி கழித்தலே. 10-இல் 3 போனால் 7. 4 போனால் 6. பெரியது சிறியதாகிறதன்றோ? அவ்வாறே அலைவரிசை முழுதும் தலைகீழாகிறது.

அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பதே பண்பிறக்கம். ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு தலைகீழானால் கீச்சொலி கட்டையாகும், கட்டையொலி கீச்சாகும். ஒரு சொல்லும் புரியாது. ஆகவே கீழ்ப் பக்கப்பட்டையில் அனுப்பியதை மேல் பக்கப்பட்டையில் கேட்டனர். படகு வயர்லெஸின் எஃப்.எம். பேச்சுக்கோ தலைகீழானாலும் கேடில்லை.

பின் ஏன் தலைகீழாக்கினர்? நெருங்கும் ரயிலின் ஊதல் உயர்வதுபோல், விரையும் கோளால் ஏறும் அலையும் இறங்கும் அலையும் அதிர்வெண் மாறும். தலைகீழாக்கினால் அவ்விரு மாற்றங்களும் கூடாமல், ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும்.

புரியாத குரலெல்லாம் பழுதான குரலன்று. கேட்கும் முறையை மாற்றினால் போதும். நம் மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து எழும் கோள்களின் குரலைக் கேட்டறிய நம்மில் சிலரேனும் முன்வருவோமாக!