நடராஜருக்கு நிற்கச் சொல்லலாமா?

எக்ஸ்ரே என்றால் நம்மில் யாரும் பயப்படுவதில்லை. "இதயத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன்" என்று டாக்டர் சொன்னால் மட்டும், "ஐயோ, கதிர்வீச்சாயிற்றே!" என்று கலங்குகிறோம். உங்களுக்கும் அந்தக் கலக்கம் உண்டா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அத்தான் 2004 சுனாமியையும் 2011 'தானே' புயலையும் நேரில் கண்டவர். அவரே இந்தக் கதிருக்குப் பயந்து, மார்வலியோடு இரண்டு மாதம் கடத்தினார். ஆருத்ரா தரிசனத்துக்காகச் சிதம்பரம் போகும் பஸ்ஸில்தான் அவருக்கு விஷயத்தை விளக்கினேன்.

பயம் ஆதாரமற்றதல்ல. கதிர் ஏற ஏறப் புற்றுநோய் அபாயமும் சிறிது ஏறும். 2007-ல் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்தபோது, ஓர் இதய ஸ்கேனுக்குச் சுமார் 12 மில்லிசீவர்ட் கதிர் செலவாயிற்று. 2017-ல் மறுபடி கணக்கெடுத்தார்கள். அளவு 78 சதவிகிதம் குறைந்து, 3-க்கும் கீழே வந்திருந்தது! மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் மனிதனுக்கு ஆண்டுதோறும் தானாகவே வந்து சேருவது, உலகச் சராசரியில் 2.4.

எப்படிக் குறைத்தார்கள்? சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் படம் எடுப்பவரைப் பாருங்கள். ஆடுகிறவர் ஓர் அபிநயத்தில் நிலைக்கும் கணத்துக்குக் காத்திருந்து 'க்ளிக்' செய்கிறார். இதயமும் ஓயாமல் ஆடும் நடராஜர்தான். நிற்கச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறிது ஓய்கிறது. மார்பில் ஒட்டிய ஈ.சி.ஜி. கம்பிகள் அந்தக் கணத்தைச் சொல்ல, அப்போது மட்டும் இயந்திரம் கதிரை விடுகிறது. முன்பெல்லாம் துடிப்பு முழுவதும் கதிரை விட்டுவிட்டு, நல்ல படத்தைப் பிறகு பொறுக்குவார்கள். மெலிந்த உடம்புக்கு மின்னழுத்தத்தையும் 120 கிலோவோல்ட்டிலிருந்து 100-க்கு இறக்குகிறார்கள்.

துடிப்பு நிதானமானால் ஓய்வும் நீளும். அதனால்தான் நாடி நிமிஷத்துக்கு 60-ஐ ஒட்டி இறங்க மாத்திரை தருகிறார்கள். அன்று காலைக் காப்பிக்கும் தடை! அத்தானுக்குக் கதிரைவிட இதுதான் பெரிய தண்டனை. ஆயினும் பொறுத்தார், ஸ்கேன் எடுத்தார். ஒரு ரத்தக்குழாய் சுருங்கியிருந்தது தெரிந்து, வைத்தியம் நடக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஸ்கேன் எழுதினால், "இது அவசியந்தானா? ஓய்வு நேரத்தில் மட்டும் கதிர் விடுவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேள்வி கேட்பதில் தவறில்லை. மார்வலியை ஒளித்து வைப்பதுதான் ஆபத்து.